டபுள் பேஸ் தனியாக வாசிக்கும்போது

சனிக்கிழமைப் பகல் வெயில் ஸ்டூடியோக் கண்ணாடியில் வழிகிறது. நேயர் நன்கொடையில் ஓடும் இந்தப் பிட்ஸ்பர்க் வானொலியில் ஜாஸ் இசைக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு மணி நேரம்தான். அடுத்த வாரம் அதுவும் பேச்சு நிகழ்ச்சிக்குப் போகிறது. நிகழ்ச்சி நடத்தும் ஒடெஸ்ஸா சுழலவிட்ட இசைத்தட்டில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, டபுள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியம் மட்டும் ரகசியம் பேசுவதுபோலத் தாழ்கிறது. உடனே மேஜையோரப் பெட்டியில் சிவப்பு விளக்கு துடிக்கிறது. சத்தம் குறைந்தால் நிலையம் செத்துவிட்டதென்று முடிவுகட்டி, பதிவுசெய்த பேட்டி ஒன்றைத் தானாகவே ஓடவிடும் பெட்டி அது. ஒடெஸ்ஸா மைக்கைத் திறந்து, விரல் மோதிரத்தால் காப்பிக் கோப்பையில் தாளம் தட்டுகிறாள். டிங். டிங். விளக்கு பச்சையாகிறது. மேலாளர் கிரெய்க் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறான். “மைக் ஆன்ல இருக்கு ஒடெஸ்ஸா! இதையெல்லாம் இப்ப யாரு கேக்குறா?” அவள் தட்டுவதை நிறுத்தாமல், மினுங்கும் தொலைபேசியின் ஸ்பீக்கர் பொத்தானை இடது கையால் அழுத்துகிறாள். “அக்கா, சலூன்லேருந்து டெரெல். நிறுத்திராதீங்க, பாதி முடி வெட்டிக்கிட்டவரு வரைக்கும் எல்லாரும் இங்க தட்டிக்கிட்டிருக்கோம்.” அவன் குரலுக்குப் பின்னால் கத்தரிக்கோல் அதே தாளத்தில் கிளிக் கிளிக் என்கிறது. ஒடெஸ்ஸா மைக்கைத் தொலைபேசிப் பக்கம் திருப்பிவைக்கிறாள். “கேட்டியாப்பா கிரெய்க்? போய் உன் பெட்டிகிட்ட சொல்லு, நாங்க இன்னும் சாகலைன்னு.”