ஊசிக்குக் கேட்காத பதில்

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்ஊசி இருந்தது. மூளைச் செல்களைத் தொட்டு, அவற்றின் மின்துடிப்பைக் கேட்பதுதான் அதன் வேலை. நரம்புச் செல்கள் என்றால் தொட்டதுமே படபடவென்று பேசும். அன்று வந்த கண்ணாடித் தட்டிலோ நரம்புச் செல் ஒன்றுகூட இல்லை. முழுக்க நட்சத்திர வடிவத் துணைச்செல்கள். ஊசி நாற்பது தடவை குத்திப் பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை.

"எல்லாம் வெறும் பசை. தட்டைக் கழுவிக் கொட்டிடலாம்" என்றது ஊசி.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்றது பக்கத்துக் குப்பியில் இருந்த சாயம். "எனக்குக் காது கிடையாது. செல்லுக்குள்ளே கால்சியம் கூடினா ஒளிர மட்டும்தான் தெரியும். ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கிறேனே."

சாயம் செல்களுக்குள் இறங்கியது. "இப்போ குத்துங்க."

ஊசி சலிப்போடு குத்தியது. குத்துப்பட்ட செல் பளிச்சென்று ஒளிர்ந்தது. அடுத்த செல் ஒளிர்ந்தது, பிறகு அதற்கடுத்தது. வெளிச்சம் அலை அலையாகத் தட்டின் விளிம்புவரை ஓடியது.

ஊசி மெல்லக் கேட்டது: "என்ன பேசிக்கிறாங்க?"

சாயம் உள்ளே இருந்தபடியே சிரித்தது.

"'இதோட நாற்பத்தொண்ணு'ன்னு பேசிக்கிறாங்க அண்ணே."