முதல் கேள்வி

மூன்றாவது பொத்தானோடு அவள் கை நின்றுவிட்டது.

தயாபரன் நாடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆறு மாதமாகக் காலையில் இப்படித்தான் நிற்கிறார். சட்டையை மனைவிதான் மாட்டிவிட வேண்டும். காப்பி டம்ளரைப் பாதிதான் நிரப்ப வேண்டும். கை அவ்வளவு ஆடியது.

நடுக்கத்துக்கு மாத்திரை இருந்தது. அதைப் பாதியாக்கச் சொன்னவளே அவள்தான்.

கட்டிலின் மேல் அவருடைய பழைய போன் கிடந்தது. கல்லூரிச் சுற்றுலாப் படங்களைப் புதுப் போனுக்கு மாற்றிக் கொடு என்று சற்று முன் அவரே எடுத்துக் கொடுத்தார். விரல் ஒரு இடத்தில் நிற்காதவர் வேறு யாரிடம் கொடுப்பார்? எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக நினைத்திருப்பார், பாவம்.

அப்போது படங்களைத் தேடியவள் கண்ணில் அந்தப் பெயர் பட்டது. சுகந்தி.

பெயர் புதிதல்ல. ஆறு மாதத்துக்கு முன் வீட்டையே இரண்டாக்கிய பெயர். அழுது, கத்தி, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக அவள் மன்னித்து முடித்த பெயர்.

தேதிதான் புதிது.

முதல் செய்தி ஆகஸ்ட் பதினேழு. 'உன்னைப் பாக்காம இருக்க முடியல.'

மாத்திரை தொடங்கியது அதற்கு அடுத்த மார்ச்சில்.

மூளை மருத்துவராக இருபத்திரண்டு வருடமாக அவள் பார்க்கிற வேலையே இதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை 'பொறு' என்கிறது. உள்ளே, ஆழத்தில், அடித்தள முடிச்சுகள் 'இப்பவே எடு' என்கின்றன. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பதால்தான் மனிதர்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கிறார்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிலருக்கு, அந்த 'எடு'வை மட்டும் ஏற்றிவிடும். அதுவரை சீட்டைத் தொடாதவர் நாள் முழுக்கச் சீட்டாடுவார். பேரன் எடுத்தவர் பெண்கள் பின்னால் அலைவார். மாத்திரையைக் குறைத்தால் அடங்கும்.

இதைக் கண்டு எழுதியதற்குத்தான் அவளை நாலு நாட்டிலிருந்து பேசக் கூப்பிட்டார்கள்.

அவள் அறைக்கு வந்து அழாத மனைவி கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். அது அவர் இல்லம்மா, மாத்திரை.

தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள். தயாபரனுக்கும் உட்காரவைத்து விளக்கினாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அழவும் செய்தார். மாத்திரையைப் பாதியாக்கியபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்ன மனிதர் இவர்! உடம்பே ஆடினாலும் ஆடட்டும் என்று இருந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

நோயே காரணமாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் அதையும் பார்த்தாள். இருக்காது. மாத்திரை போடாத நோய் ஆசையைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். அதை எழுதியவளும் அவள்தான்.

போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இது ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சிருக்குங்க."

அவர் பார்த்தார். ஆடும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரைன்னு நீதானே சொன்ன, செண்பா."

மீதி இரண்டு பொத்தானை அவள் போடவில்லை.

ஆய்வகத்தில் பேச்சியம்மாள் காத்திருந்தார். உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். வீட்டுக்காரர் நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது ஊர் சிரிக்க யார் பின்னாலோ திரிகிறார். தனக்கு எழுத வராது, நீங்களே எழுதிக்கிடுங்க என்று படிவத்தை மேசையில் தள்ளினார்.

முதல் கேள்வி: மாத்திரைக்கு முன்பு இந்தப் பழக்கம் இருந்ததா?

வாசித்து முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

"இல்லம்மா. அதுக்கு முந்தி தங்கமான மனுசன்."

அலமாரியில் இருநூற்றுப் பதினோரு படிவங்கள் இருந்தன. ஆமாம் என்றவர்களை அவள் ஆய்வில் சேர்த்ததில்லை. அதனால் அத்தனையிலும் முதல் கட்டத்தில் ஒரே சொல். நிரப்பியவர்கள் அத்தனை பேரும் மனைவிகள்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தியிடமும் அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை.

இழுப்பறையில் இன்னொரு படிவம் தனியாகக் கிடந்தது. சொந்தக் கணவரை ஆய்வில் சேர்க்கக் கூடாது, சேர்க்கவும் இல்லை. ஆனாலும் மனசு கேட்காமல் ஆறு மாதத்துக்கு முன் தனக்கென்று ஒன்றை நிரப்பி வைத்திருந்தாள். முதல் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

பேச்சியம்மாள் முந்தானை நுனியை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்திரைதானேம்மா?"

இந்தக் கேள்விக்கு அவள் ஒருநாளும் தயங்கியதில்லை. உங்கள் வீட்டுக்காரருடைய போன் எங்கே இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

"மாத்திரையாத்தான் இருக்கணும்மா."

பேச்சியம்மாள் பெருமூச்சு விட்டு, சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் பேனாவைத் திறந்து, முதல் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

அடியில் கோடு போடவில்லை.