நெற்றியில் சிவப்பு

"மேடம் தூசி நுழையாத ரூமுக்குள்ள இருக்காங்க சார். அங்கே போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்ததும் சொல்றேன்."

"குழந்தைக்கு ஜுரம்னு சொல்லுங்க. சிவப்பா இருக்குன்னு சொன்னா அவளுக்குப் புரியும்!"

போனை வைத்துவிட்டு மகளிடம் ஓடினான். மதியம் மகள் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டாள். வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. அதற்கு மாற்றுக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் மனைவிக்கு வேலையே. திரவப் படிகம் பூசிய, வெங்காயத் தோலைவிட மெல்லிய பட்டை அது. நெற்றியில் ஒட்டினால் உடம்புச் சூட்டுக்கேற்ப நிறம் மாறும். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தமென்று அவள் விளக்கியபோது இவன் டி.வி.யில் கண்ணாக இருந்தான். அதனாலென்ன, சிவப்பென்றால் ஆபத்து என்று சிக்னலில் நிற்கிற யாருக்கும் தெரியாதா?

மனைவியின் மேஜையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மகளுக்கு ஒட்டியிருந்தான். அது செக்கச்செவேலென்று ஆனதும்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டான்.

இப்போது ஈரத் துண்டை மகள் உடம்பெல்லாம் சுற்றினான். ஃபேனை முழு வேகத்தில் வைத்தான்.

"அப்பா, குளிருதுப்பா!"

"ஜுரம்னா அப்படித்தான்டா செல்லம்."

தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தாள். ஜுரம் உள்ளுக்குள்ளேயே அடிக்கிறதோ? பெற்ற மனம் பித்து என்று தாய்க்கு மட்டுமா சொன்னார்கள்? பட்டை கருஞ்சிவப்பானது. அவனுக்கு நாக்கு வறண்டது; தலை வெடித்துவிடும் போலிருந்தது.

ஒருவேளை பட்டையே கோளாறோ? இன்னொன்றை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக் கண்ணாடியில் பார்த்தான். கோளாறில்லை. இருந்த ஒரே நம்பிக்கையும் போயிற்று.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, குழந்தைக்கு என்ன?"

"சிவப்புடி! ஈரத் துண்டைச் சுத்தி அரை மணி நேரமாச்சு, இன்னும் கருஞ்சிவப்பாத்தான் ஆகுது. பட்டையில ஒரு தப்பும் இல்ல, என் நெத்தியில ஒட்டிப் பார்த்துட்டேன். எனக்கு நல்லா நீலமா இருக்கு, அவளுக்குத்தான் சிவப்பு. ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா?"



"அவளைத் துவட்டிவிட்டுட்டு, அந்த ஈரத் துண்டை நீங்க சுத்திக்கிட்டுப் படுங்க," என்றாள் மனைவி. "சூடு ஏற ஏற அந்தப் பட்டை நீலமாத்தான் ஆகும்."