நாலெழுத்து ஞானம்

"சீனத்து ஞானம் முழுவதும் நான்கே எழுத்தில் அடங்கிவிடும்!" என்று நூலக விழாவில் முழங்கிய தெய்வநாயகம், அதுவரை ஒரு பொன்னாடைகூட வாங்கியதில்லை. அன்று மேஜைமேல் ஒன்று அவருக்காகக் காத்திருந்தது.

'பாம்பு வரைந்து கால் சேர்' என்ற நாலெழுத்துச் சீனப் பழமொழிக்கு அவர் கதை சொன்னார்: முதலில் பாம்பு வரைந்து முடிப்பவனுக்கு ஒரு கோப்பை மது என்று போட்டி. முந்திக்கொண்டவன் சும்மா இருக்காமல் பாம்புக்குக் கால் போட்டான். "பாம்புக்கு ஏதய்யா கால்?" என்று அடுத்து வரைந்து முடித்தவன் கோப்பையைப் பிடுங்கிக் குடித்துவிட்டான். முடிந்ததும் நிறுத்து என்பதே இதன் பொருள் என்று அவர் முடித்ததும் ஒரே கைதட்டல். விழாத் தலைவர் பொன்னாடையோடு எழுந்தார்.

"இன்னும் ஒரே ஒரு வார்த்தை" என்றார் தெய்வநாயகம்.

"ஆறு மணி பஸ் போயிடும் சார்" என்று தலைவர் அவர் காதோரம் கெஞ்சினார்.

முக்கால் மணி கழித்துப் பேசி முடித்த தெய்வநாயகம் திரும்பிப் பார்த்தார். தலைவர் இல்லை. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு மைக்செட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.