வயிற்றுக்கு வரியில்லை

மழை வருமுன் புற்றிலிருக்கும் பிள்ளைகளிடம் சேர்த்துவிட வேண்டுமென்று, அரிசியொன்றைக் கவ்விக்கொண்டு காட்டின் வரிச்சாவடிக்கு ஓடி வந்தது எறும்பு. கரும்புத் தோட்டம் ஒன்றையே தின்று தீர்த்த யானை, அதற்கு முன்னால் துதிக்கையை வீசியபடி உள்ளே போனது.

எறும்பு அரிசியை இறக்கிவைத்தது. “அவரிடம் வரி கேட்கவில்லையே?”

“வாயில் இருப்பதற்குத்தான் வரி, தாயே, வயிற்றில் இருப்பதற்கு இல்லை,” என்றது காவலிருந்த கீரி. “சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். நீயும் விழுங்கிவிட்டு வா, யார் தடுத்தது?”

“இது என் உடம்பைவிடப் பெரிது.”

“அப்படியானால் பாதியை வை.”

எறும்பு அரிசியைக் கடித்துப் பிளந்தது. “எதற்கு இந்த வரி?”

“யானையார் மிதித்துப் பள்ளமாக்கிய பாதையைச் செப்பனிட.”

“எப்போது செப்பனிடுவீர்கள்?”

“அவர் நடந்து முடித்த பிறகு.”

பாதி அரிசியோடு எறும்பு யானையின் புதிய காலடிப் பள்ளத்துக்குள் இறங்கியபோது, மழை பிடித்துக்கொண்டது.