இருதரப்பு சமரசம்

மேனேஜர் தன் இடுப்பில் கைவைத்ததாகத் தையல்காரி புகார் சொல்லி ஒரு வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டார்.

"இருதரப்பு சமரசம் ஆயிடுச்சும்மா. போய் வேலையைப் பாருங்க."

"இருதரப்புன்னா?"

"ரெண்டு பக்கமும் மனசார ஒத்துக்கிட்டதுன்னு அர்த்தம்."

"நான் ஒத்துக்கலையே சார்."

"உங்க பக்கத்துலேர்ந்து வந்து பேசி முடிச்சாச்சே."

யூனியன்காரன்தான் விலைபோயிருப்பான் என்று பல்லைக் கடித்தபடி வெளியே வந்தாள்.

வாசலில் மேனேஜருக்குக் கார் கதவைத் திறந்துவிட்டான் புது டிரைவர். மடிப்புக் கலையாத சீருடையில் நின்றவன், வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் கிடந்த அவள் புருஷன்.

கார் கதவைச் சாத்திவிட்டு அவளருகே வந்து இளித்தான். "ஊர்ல நடக்காததா? பொழைக்கிற வழியைப் பாரு."

அவன் காலடியில் காறித் துப்பிவிட்டு முதலாளியின் அறைக்கே திரும்ப நடந்தாள்.