ஈர மருதாணி

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மண்டபத்தின் மாடி அறையில் மாப்பிள்ளையின் அப்பா பேச்சிமுத்து ஒரு கிளாஸை நீட்டினார். பெண்ணின் அப்பா சங்கரபாண்டி பல் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது முடிகிறவரை ஒரு சொட்டு மதுகூடக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் சம்பந்தி முதன்முதலாகக் கொடுப்பதை மறுக்க மனம் வராமல் வாங்கிக் குடித்தார்.

கால் மணி நேரத்தில் முகம் சிவந்து நெஞ்சு படபடத்தது. வாந்தி நிற்கவில்லை. அதற்கு நடுவில்தான் சங்கரபாண்டி மாத்திரை விஷயத்தைச் சொன்னார். பேச்சிமுத்து காருக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“மாத்திரை சாப்பிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்க தப்பா நெனச்சுட்டா? பிள்ளை வாழப்போற வீடுல்லா.”

விஷயம் கேட்டு மணப்பெண் செண்பகம் ஓடிவந்தாள். இரண்டு கைகளிலும் மருதாணி ஈரமாக இருந்தது.

“மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கலம்மா” என்றார் சங்கரபாண்டி.

“இல்லம்மா. நான்தான் ஊத்திக் கொடுத்தேன்” என்றார் பேச்சிமுத்து. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கப் போனவள் கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பேச்சிமுத்து தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாகத் துடைத்தார்.

“கழுத்துலயும் தொடைங்க மாமா” என்றாள் செண்பகம். அதுவரை அவரை அவள் எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை.

அவர் கழுத்தையும் துடைத்தார். சங்கரபாண்டியின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டது.